ஹீரா ஏன் ஒவ்வொரு காமிக்ஸிலும் வேறு ஆளாக இருக்கிறாள்?

கரிக்கோடு:

வணக்கம் மக்களே. 'வொண்டர் வுமன் ஹிஸ்டோரியா: தி அமேசான்ஸ்' மூன்று பாகமும் இப்போதுதான் முடித்தேன். கெல்லி சூ டிகானிக் எழுதியது. முதல் பாகம் ஃபில் ஹிமெனெஸ், இரண்டாவது ஜீன் ஹா, மூன்றாவது நிகோலா ஸ்காட் வரைந்தது. ஆரம்பத்திலேயே தேவியர் எல்லாரும் ஒலிம்பஸ் சபைக்குப் போய், பூமியில் பெண்கள் படும் பாட்டைச் சொல்லி நியாயம் கேட்கிறார்கள், தெய்வங்களின் அரசன் ஜீயஸ் கண்டுகொள்ளவே இல்லை, அப்புறம் ஆறு தேவியர் ரகசியமாக அமேசான்கள் என்ற பெண் போராளிகளைப் படைக்கிறார்கள். ஜீயஸின் மனைவி ஹீரா மட்டும் அதில் சேராமல் ஒதுங்கி நிற்கிறாள். ஆனால் அவளுக்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது என்பது படிக்கிற நமக்குத் தெரிந்துவிடுகிறது. மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த ஆள் அவள்தான்.

சரி, இதே ஹீரா வேறு எங்கே வருகிறாள் என்று தேடி, 2011ல் பிரையன் அசரெல்லோ எழுதி கிளிஃப் சியாங் வரைந்த தொடரை எடுத்தால், முதல் இதழிலேயே மயில்தோகை அங்கியோடு ஒரு குதிரை லாயத்துக்குள் நுழைந்து அரிவாளால் குதிரைத் தலையை வெட்டுகிறாள், வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து பாதி மனிதன் பாதி குதிரையான சென்டார் கிளம்பி வருகிறது! எதற்கு? ஜீயஸின் பிள்ளையைச் சுமக்கும் சோலா என்ற பெண்ணைத் தீர்த்துக்கட்ட. நாலாவது இதழுக்குள் டயானாவின் (அதாவது வொண்டர் வுமனின்) அம்மாவைச் சிலையாக்கி, அமேசான்களைப் பாம்பாக்கியும் விடுகிறாள். இரண்டும் டிசி வெளியீடுதான், நடுவில் பத்து வருஷம், அவ்வளவே.

இதில் எது மூலக் கிரேக்கக் கதைக்குப் பக்கம்? இல்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்கு எழுதுகிறார்களா? எனக்குத் தெரிந்த கிரேக்கம் எல்லாம் சிறுவர் கதைப் புத்தக அளவுதான், அதனால் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம்.

ஏழாம்பக்கம்:

இரண்டு ஹீராவும் மூலத்தில் இருக்கிறாள் நண்பரே, அதுவும் ஹோமரிடமே.

சுருக்கப் புத்தகங்களில் ஹீரா என்றால் புருஷன் போகிற இடமெல்லாம் பின்னால் போய், அவனை விட்டுவிட்டு அங்கே அகப்பட்ட பெண்ணை வதைக்கிறவள். பசுவான ஐயோவுக்கு நூறு கண் ஆர்கஸைக் காவல் வைத்தது, செமெலியை ஏமாற்றி எரிந்துபோக வைத்தது, லீட்டோவுக்குப் பிள்ளை பெற ஒரு துண்டு நிலம்கூடக் கிடைக்காமல் அலையவிட்டது. அசரெல்லோ எடுத்துக்கொண்டது இந்த ஹீராவை. அந்த மயில்தோகையும் சும்மா அலங்காரம் இல்லை, செத்துப்போன ஆர்கஸின் கண்களை எடுத்து ஹீரா தன் மயிலின் தோகையில் பதித்தாள் என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வார், ஆக அவள் போர்த்திக்கொண்டு வருவது ஒரு காவல்காரனின் கண்களை.

ஆனால் ஹோமரின் இலியட் காவியத்தின் முதல் பாடலில் அக்கிலீஸ் தன் அம்மா தீட்டிஸிடம் ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துவான். ஒரு காலத்தில் ஹீரா, பொசைடன், அதீனா மூன்று பேரும் சேர்ந்து ஜீயஸைக் கட்டிப்போடப் பார்த்தார்கள், நீதான் நூறு கை பிரையாரியஸைக் கூட்டிவந்து ஜீயஸ் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பாற்றினாய் என்று. பத்து வரி இருக்கும், ஏன் எதற்கு என்ற விளக்கமே கிடையாது, ஹோமர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அப்புறம் பதினைந்தாம் பாடலில் ஜீயஸ் ஹீராவை மிரட்டும்போது, ஹெராக்ளிஸைக் கடலில் அலைக்கழித்ததற்காக உன் காலில் இரண்டு அடைகல்லைக் கட்டி, கையில் அறுக்க முடியாத பொன் கயிறு போட்டு ஆகாயத்தில் தொங்கவிட்டேனே, மறந்துவிட்டதா என்று கேட்பான். சதி செய்து பார்த்தவள், எல்லார் முன்னாலும் தொங்கவிடப்பட்டவள். அப்படி ஒருத்தி மறுபடியும் முன்வரிசையில் நின்று கொடி பிடிப்பாளா? ஹிஸ்டோரியாவில் அவள் ஒதுங்கி நிற்பதை இந்த இரண்டு இடங்களையும் படித்துவிட்டுப் பாருங்கள். அந்தப் பொன் கயிறு என்றதும் உங்களுக்கும் டயானாவின் பொன் கயிறு ஞாபகம் வந்திருக்கும். யாராவது வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அந்த ஒற்றுமை பிடித்திருக்கிறது, போதும்.

பிரையாரியஸும் காமிக்ஸுக்கு வந்திருக்கிறான். கிரெக் ருக்கா வொண்டர் வுமன் எழுதிய காலத்தில் (2003 முதல் 2006 வரை) அதீனா ஜீயஸுக்கு எதிராகக் கிளம்பி ஒலிம்பஸ் அரியணையையே பிடித்துவிடுவாள். அதில் ஜீயஸ் தரப்பு வீரனாகக் களத்தில் இறங்குவது பிரையாரியஸ், அதீனா தரப்புக்கு டயானா. இலியட்டின் அந்தப் பத்து வரியை எடுத்து, இந்தத் தடவை முடிவை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

மண்பாவை:

ஹீரா விஷயம் சரி. ஆனால் பெரிய தலைகீழ் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை.

அமேசான்கள் கிரேக்கர்களுக்கு எதிரிகள். அதீனாவுக்கும்தான். ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் மேற்குப் பக்கத்துச் சதுரச் சிற்பப் பலகைகள் முழுக்க அமேசான்களோடு கிரேக்கர்கள் போடும் சண்டை. உள்ளே ஃபிடியாஸ் செய்த அதீனா, பொன்னும் தந்தமுமாகச் சுமார் 12 மீட்டர் உயரம், கி.மு. 438ல் நிறுவியது. அவள் பக்கத்தில் சாய்த்து வைத்த கேடயத்தின் வெளிப்புறத்திலும் அதே சண்டை. அமேசான்கள் தோற்கிற காட்சியைத் தன் கேடயத்தில் தாங்கி நின்றவளைத்தான் காமிக்ஸ் அவர்களுக்குத் தாயாக்கி வைத்திருக்கிறது!

இதன் மறுபாதி போர்க்கடவுள் ஏரீஸ். கிரேக்கக் கதையில் அமேசான்கள் அவனுடைய மகள்கள். பென்தெசிலியாவுக்கு அவன் அப்பா, அமேசான் அரசி ஹிப்பாலிட்டாவின் இடுப்புக்கச்சையே அவன் கொடுத்ததுதான். காமிக்ஸிலோ அவன்தான் பரம வைரி.

இந்த மாற்றத்தைச் செய்தவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், 1941ல். உளவியலாளர், பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு அடிப்படையான ரத்த அழுத்தச் சோதனையை உருவாக்கியவர். அவருக்கு உலகம் இரண்டே கட்சி: ஒரு பக்கம் அஃப்ரோடைட்டி, அன்பு. இன்னொரு பக்கம் மார்ஸ், போர். (கிரேக்கப் பெயரும் ரோமானியப் பெயரும் கலந்து வருவதைப் பற்றி அவர் துளியும் கவலைப்படவில்லை.) உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், பெண்கள் கையில் அதிகாரம் வந்தால் போர் நிற்கும் என்று நம்பியவர், அவருக்குப் பெண் போராளிகளைப் போர்க்கடவுளின் மகள்களாக விட்டுவைக்க முடியாது. அதனால் அப்பாவை வில்லனாக்கி, அஃப்ரோடைட்டியை அம்மாவாக்கிவிட்டார். ஹோமரின் அஃப்ரோடைட்டி போர்க்களத்தில் மணிக்கட்டில் ஒரு கீறல் பட்டதும் அழுதுகொண்டு ஓடிப்போகிறவள். அவளை எடுத்து ஒரு படைக்கே தலைவியாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அப்புறம் அந்த மண். ஹிப்பாலிட்டா மண்ணில் குழந்தை செய்கிறாள், தெய்வம் உயிர் கொடுக்கிறது, அந்தக் குழந்தைதான் டயானா. 1987ல் ஜார்ஜ் பெரெஸ் தொடரை மறுபடி ஆரம்பித்தபோது ஆளுக்கு ஒரு வரமும் கொடுக்கிறார்கள்: டிமீட்டர் பலம், அதீனா அறிவு, ஆர்ட்டெமிஸ் வேட்டைக்கண், அஃப்ரோடைட்டி அழகும் அன்பான மனசும், ஹெஸ்டியா நெருப்போடு உறவு, ஹெர்மிஸ் வேகமும் பறக்கும் சக்தியும். இதே காட்சி பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியாடிடம் உண்டு. மண்ணில் செய்த பெண், தெய்வங்கள் ஒவ்வொருவராக வந்து ஏதோ ஒன்று கொடுக்கிறார்கள், அதீனா உடுத்திவிடுகிறாள், அஃப்ரோடைட்டி கவர்ச்சி தருகிறாள், ஹெர்மிஸ் பொய்யும் தந்திரமும் வைக்கிறான். அவள் பண்டோரா, மனிதர்களுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவள். அதே மண், கிட்டத்தட்ட அதே தெய்வங்கள். பொய்யை வைத்து அனுப்பிய இடத்தில் உண்மை சொல்லவைக்கும் கயிறு வந்துவிட்டது.

தூரிகைக்காரி:

எல்லாரும் கதையையே பேசுகிறீர்கள், படத்தைப் பற்றி ஒருத்தராவது சொல்லுங்களேன். காமிக்ஸில் பாதித் தெய்வத்தைப் படைக்கிறவர் ஓவியர்தானே.

முதல் ஓவியர் ஹாரி ஜி. பீட்டர். 1941ல் அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அதனால் அவர் கோட்டில் இருப்பது நாற்பதுகளின் காமிக்ஸ் பாணியே இல்லை, அவர் இளவயதில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த சீமாட்டிப் படங்களின் பாணி. சுருள் சுருளான முடி, தடித்த வளைகோடு, கொஞ்சம் விறைப்பான நிற்கும் தோரணை. அவருடைய அஃப்ரோடைட்டியைப் பார்த்தால் கிரேக்கச் சிலை ஞாபகம் வராது, பழைய வாழ்த்து அட்டைதான் ஞாபகம் வரும். 1958ல் இறக்கும்வரை அவர்தான் வரைந்தார்.

பெரெஸ் வந்ததும் எல்லாம் மாறியது. அவர் ஒலிம்பஸை டச்சு ஓவியர் எஷரின் படம் மாதிரி வரைந்தார், படிக்கட்டு தலைகீழாகப் போகும், தூண்கள் பக்கவாட்டில் நிற்கும், ஒரே கட்டத்தில் ஒரு தெய்வம் நமக்கு நேராகவும் இன்னொன்று கூரையில் கால் வைத்தும் நிற்கும். இந்த இடத்தில் மேல் கீழ் என்பதே நம் கணக்கில் இல்லை என்று வசனமே இல்லாமல் சொல்லியாகிவிட்டது. ஆனால் தேவியர் உடம்பு என்னவோ சிலை உடம்புதான், மடிப்பு மடிப்பாக உடை, செதுக்கிய முகம், எல்லாருக்கும் ஒரே அளவு அழகு. தூரத்தில் பார்த்தால் டிமீட்டர் எது ஹெஸ்டியா எது என்று நான் தடுமாறியிருக்கிறேன்.

சியாங் செய்தது அதற்கு நேர் எதிர். சிலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தெய்வமும் எதற்குத் தெய்வமோ அதுவாகவே உடம்பை மாற்றிவிட்டார். ஹெர்மிஸுக்குப் பறவைக்கால். ஹேடிஸ் ஒரு சின்னப் பையன், தலை முழுக்க மெழுகுவத்தி, மெழுகு உருகிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கலகத்துக்கான தெய்வம் ஸ்ட்ரைஃப், ஒட்ட வெட்டிய முடி, கிழிந்த உடை, எந்த விருந்திலும் நாம் பக்கத்தில் உட்கார விரும்பாத ஆள். அவர் கோடு தடிமன், விவரம் கம்மி, மேத்யூ வில்சனின் தட்டையான வண்ணம், அதனால் இந்த உருவங்கள் ஒரே பார்வையில் மனதில் ஒட்டிக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே அஃப்ரோடைட்டி. அவள் வருகிற கட்டங்களைத் தேடிப் பாருங்கள், முகம் காட்டவே மாட்டார். கட்டத்தின் விளிம்பு வெட்டிவிடும், அல்லது முதுகு, அல்லது முடி மறைக்கும். ஹோமரும் ஹெலனின் முகத்தை வர்ணிப்பதில்லை, ட்ராய் மதிலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, இப்படி ஒருத்திக்காக இத்தனை காலம் துன்பப்படுவதில் தப்பில்லை என்று முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

ஹிமெனெஸ் பெரெஸ் வழியில் வந்தவர், ஆனால் ஹிஸ்டோரியாவில் குருவைத் தாண்டிவிட்டார் என்பது என் கட்சி. ஒவ்வொரு தேவி படைத்த குலத்துக்கும் தனி உடை, தனி ஆயுதம், தனி நிறம். இரண்டு பக்கம் சேர்த்து விரிகிற ஓவியத்தில் ஓரத்தில் நிற்கும் ஆளின் கழுத்து மணிவரை வரைந்திருப்பார். 2022ல் இதற்காகத்தான் அவருக்குக் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது கிடைத்தது.

வம்படி வாசகன்:

படம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். பெரெஸிலிருந்து ஹிஸ்டோரியா வரை தேவியர் எல்லாரையும் ஒரே மகளிர் சங்கமாக்கிவிட்டார்கள். எல்லாரும் ஒற்றுமை, எல்லாரும் பாதிக்கப்பட்ட பெண்கள் பக்கம். கிரேக்கத்தில் இவர்கள் அப்படியா?

நயோபி என்ற பெண் தனக்குப் பிள்ளைகள் அதிகம் என்று பெருமையடித்தாள் என்பதற்காக அவள் பெண் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக அம்பெய்து கொன்றவள் ஆர்ட்டெமிஸ். நன்றாக நெய்தாள் என்பதற்காக அராக்னியைச் சிலந்தியாக்கியவள் அதீனா. எஸ்கிலஸின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில் (கி.மு. 458) தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸுக்கு ஓட்டுப் போடும்போது அதீனா சொல்கிற காரணத்தைப் படியுங்கள், என்னைப் பெற்ற தாய் யாரும் இல்லை, நான் எல்லாவற்றிலும் ஆண் பக்கம்தான் என்று வெளிப்படையாகச் சொல்வாள். அவள்தான் பெண்களுக்காக ஜீயஸிடம் வாதாடப் போகிறாளா?

இலியட் இருபத்தொன்றாம் பாடலில் ஹீராவும் ஆர்ட்டெமிஸும் நேருக்கு நேர் வருவார்கள். ஹீரா இடது கையால் அவள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தோளில் இருந்த வில்லைப் பிடுங்கி, சிரித்துக்கொண்டே காதோடு சேர்த்து வெளுப்பாள். அம்பெல்லாம் கீழே சிதறும், ஆர்ட்டெமிஸ் அழுதுகொண்டே ஓடுவாள். காமிக்ஸுக்கென்றே எழுதிவைத்த பக்கம் அது, நான் படித்த எந்த வொண்டர் வுமன் கதையிலும் அதைக் காணோம்.

தெய்வம் என்றால் பயம் வேண்டும் சார். அந்தப் பயத்தைச் சரியாகக் கொண்டுவந்தது என்றால் ருக்காவும் ஜே.ஜி. ஜோன்ஸும் 2002ல் செய்த 'தி ஹிக்கெட்டியா'. ஒரு பெண் டயானாவின் காலைப் பிடித்து, பழைய கிரேக்க முறைப்படி அடைக்கலம் கேட்கிறாள், டயானா ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பெண்ணைப் பிடிக்க பேட்மேன் வருகிறான். கொடுத்துவிட்டால் வெளியே காத்திருக்கும் எரின்யஸ் என்ற பழிவாங்கும் தேவியர் டயானாவைச் சும்மா விட மாட்டார்கள். அந்த மூன்று பேரும் நல்லவர்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. வாக்கு உடைந்ததா, இல்லையா? அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

மண்பாவை:

வம்படி அண்ணா, ஆர்ட்டெமிஸ் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் அமேசான்களுக்குமான உறவு பழசு. எஃபெசஸில் இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலை நிறுவியதே அமேசான்கள் என்று ஒரு மரபு உண்டு, அமேசான் சிலைகள் அங்கே இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவளை மட்டுமாவது சங்கத்தில் சேர்த்துக்கொள்ள காமிக்ஸுக்கு உரிமை உண்டு.

அப்புறம் அந்தச் சங்கத்தால் லாபம் அடைந்த ஆள் ஹெஸ்டியா. கிரேக்கத்தில் அவளுக்குக் கதையே கிடையாது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள், கல்யாணம் வேண்டாம் என்று சபதம் எடுத்தவள், எல்லாப் பூசையிலும் முதல் பங்கு அவளுக்கு, ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. பெரெஸ் அவள் நெருப்பை டயானாவின் கயிற்றில் வைத்தார், அதில் கட்டுண்டவர் பொய் சொல்ல முடியாது. 2017ல் வந்த படத்தில்கூட ஹெஸ்டியாவின் கயிறு என்று பெயர் சொல்வார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்தது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

பழையபேப்பர்:

மார்வெல் பக்கம் ஒரு வேடிக்கை இருக்கிறது, யாரும் சொல்லவில்லை என்பதால். 1948ல் 'வீனஸ்' என்று ஒரு இதழ் ஆரம்பித்தார்கள். காதல் தெய்வம் பூமிக்கு வந்து நியூயார்க்கில் ஒரு அழகுப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாள். முதலில் காதல், நகைச்சுவை. விற்பனைக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கதையும் சாய்ந்து, கடைசி இதழ்களில் பில் எவரெட் வரைய முழுப் பேய்க்கதை ஆகிவிட்டது. 1952ல் 19 இதழோடு நின்றது. 2006ல் ஜெஃப் பார்க்கர் அவளைத் திரும்பக் கூட்டிவந்து, இவள் அஃப்ரோடைட்டியே இல்லை, தன்னைத் தெய்வம் என்று நம்பிக்கொண்டிருந்த, பாட்டால் மயக்கும் ஒரு சைரன் என்று போட்டார். பழைய கதைகளை ஒரு பக்கம்கூட மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுகிற வித்தை இது.

கரிக்கோடு:

எல்லாருக்கும் நன்றி, கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. இலியட் பதினைந்தாம் பாடலைத் தேடிப் படித்துவிட்டேன், ஹீரா அங்கே பயந்து சத்தியம் செய்கிறாள், ஆனால் அந்தச் சத்தியத்தின் வார்த்தைகளைக் கவனமாகப் பார்த்தால் பொய் சொல்லாமலேயே தப்பித்துவிடுகிறாள். ஹிஸ்டோரியா ஹீரா இவள்தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

சியாங் தொடரை நாலாவது இதழோடு கோபத்தில் நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

தூரிகைக்காரி:

கட்டாயம் தொடருங்கள், ஹீராவுக்காகவே. நடுவில் அப்பல்லோ அரியணையைப் பிடித்து, அவள் தெய்வத்தன்மையைப் பறித்துவிடுவான். அப்புறம் அவள் போய் இருப்பது எங்கே தெரியுமா, லண்டனில் டயானா வீட்டில், அவள் கொல்லத் துடித்த அதே சோலாவோடு. இரண்டு பேரும் திட்டிக்கொள்வார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவார்கள், சியாங் அவள் தோளையும் முகத்தையும் வரைகிற விதமே அங்கே மாறும், அங்கிக்குள் விறைத்து நின்றவள் சோபாவில் சரிந்து உட்காருவாள். சோலாவைப் பற்றிக் கடைசி இதழில் ஒன்று வரும், அதை யாரும் இங்கே போட்டு உடைத்துவிடாதீர்கள்.

ஹிஸ்டோரியாவை மட்டும் போனில் திரும்பப் படிக்காதீர்கள், கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் இரட்டைப் பக்க ஓவியம் துண்டு துண்டாகிவிடும்.

வம்படி வாசகன்:

தொடருங்கள், ஆனால் நடுவில் ருக்காவின் 210ஆம் இதழைப் படித்துவிட்டு வாருங்கள். மெடூசாவோடு சண்டை, பார்த்தால் கல்லாகிவிடுவோம் என்பதால் டயானா மெடூசாவின் பாம்பு விஷத்தைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குருடாகிச் சண்டை போடுவாள். பின்னால் அதீனா பார்வையைத் திருப்பிக் கொடுப்பாள், உடனே இல்லை, ரொம்ப நாள் கழித்து. அந்த இடைவெளியில் அதீனா எப்படிப்பட்ட தெய்வம் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.